சுவரில் ஒரு திறப்பு

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்துப் புரிந்துகொள்க.

கல்வி என்றவுடன் பலரின் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம்தான். வெண்பலகை, மேசை நாற்காலி, பாடநூல், கால அட்டவணை ஆகியவை கண்முன் தோன்றும். ஆயினும், ஒரு குழந்தை நடக்கவும் பேசவும் வீட்டில்தான் கற்றுக்கொள்கிறது. மிதிவண்டி ஓட்டுவதையும் பம்பரம் விடுவதையும் திடலில் நண்பர்களைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. அங்கே பாடம் நடத்துபவர் எவரும் இலர். பார்ப்பது, செய்து பார்ப்பது, தவறுவது, தெரிந்தவரிடம் கேட்பது, மீண்டும் முயல்வது என்று கற்றல் தானாகவே நடைபெறுகிறது.

மிதிவண்டிக்குப் பொருந்தும் இந்த முறை, கணினிக்கும் அறிவியலுக்கும் பொருந்துமா? பிள்ளைகள் கூடிப் பேசி, தாமாகவே கற்றுக்கொள்ளும் இடங்களை ஊரின் பொதுவெளியில் திட்டமிட்டு அமைக்க முடியுமா? இக்கேள்விகளுக்கு விடை தேடிய முயற்சிகளுள் இரண்டு உலகின் கவனத்தை ஈர்த்தன. ஒன்று புதுடில்லியில் ஒரு சுவரில் தொடங்கியது. மற்றொன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பெரிய மண்டபத்தில் தொடங்கியது.

கால்காஜியில் ஒரு கணினி

புதுடில்லியில் கால்காஜி என்னும் வட்டாரம் உள்ளது. அங்கே என்.ஐ.ஐ.டி. என்னும் கணினிப் பயிற்சி நிறுவனத்தின் அலுவலகம் இருந்தது. அலுவலகத்தின் சுற்றுச்சுவருக்கு அப்பால் ஏழை மக்கள் வாழ்ந்த குடிசைப்பகுதி. சுவருக்கு உள்ளே கணினிகள் நிறைந்திருந்தன. வெளியே வாழ்ந்த பிள்ளைகளோ கணினியைத் தொட்டதுகூட இல்லை. சுவரின் தடிப்பு சில அங்குலம்தான் என்றாலும், அது பிரித்து வைத்த தூரம் மிகப் பெரிது.

அந்நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவை வழிநடத்தியவர் சுகதா மித்ரா. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், பிள்ளைகள் எவருடைய உதவியுமின்றிக் கணினியைக் கற்க முடியுமா என்று அறிய விரும்பினார். 1999ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், அந்தச் சுவரில் ஒரு திறப்பு ஏற்படுத்தப்பட்டது. இணைய இணைப்புடன் கூடிய கணினி ஒன்று, திரை வெளிப்புறம் தெரியும்படி அதில் பொருத்தப்பட்டது. பிள்ளைகள் கையால் தொட்டு இயக்குவதற்கு ஒரு தொடுபலகை இருந்தது. அறிவிப்புப் பலகையோ பயிற்றுநரோ இல்லை. அங்கு என்ன நடக்கிறது என்பதை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து கவனித்தனர்.

தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் முதலில் தயங்கினர். பிறகு ஒருவன் தொடுபலகையைத் தடவினான். திரையில் ஏதோ நகர்ந்தது. மற்றவர்கள் கூடிவிட்டனர். சில மணி நேரத்திலேயே பிள்ளைகள் இணையப் பக்கங்களைத் திறக்கக் கற்றுக்கொண்டனர். அடுத்து வந்த நாள்களில் படம் வரைவது, விளையாட்டுகளைக் கண்டுபிடிப்பது, கோப்புகளைத் திறப்பது என்று அவர்களின் திறன் வளர்ந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது குறிப்பிடத்தக்கது.

கலைச்சொற்கள் தெரியாத இடத்தில் பிள்ளைகள் தங்களுக்கென்று சொற்களை உருவாக்கிக்கொண்டனர். திரையில் நகரும் அம்புக்குறியை அவர்கள் இந்தியில் ‘ஊசி’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். கணினி வேலை செய்யும்போது தோன்றும் மணற்கடிகாரப் படத்தைச் சிவபெருமானின் கையிலுள்ள உடுக்கையாகக் கண்டு, ‘டம்ரு’ என்றனர். மணற்கடிகாரத்தை அவர்கள் பார்த்ததில்லை, உடுக்கையைப் பார்த்திருக்கிறார்கள். அறிந்த ஒன்றைக்கொண்டு அறியாத ஒன்றைப் பிடித்துக்கொள்வதுதான் கற்றல் என்பதற்கு இவ்விரு சொற்களும் நல்ல சான்றாகும்.

இம்முயற்சி ‘சுவரில் ஒரு துளை’ என்னும் பெயரில் புகழ்பெற்றது. இந்தியாவின் பிற ஊர்களிலும் இத்தகைய கணினிகள் நிறுவப்பட்டன. இந்திய எழுத்தாளர் விகாஸ் சுவரூப், தம் நாவலுக்கு இம்முயற்சி தூண்டுதலாக அமைந்ததாகக் கூறியுள்ளார். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ என்னும் திரைப்படம் அந்த நாவலைத் தழுவி எடுக்கப்பட்டதே.

ஒரு கணினி, பல கைகள்

ஒரே கணினியின் முன் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கூடினால் சண்டைதானே வரும் என்று நினைக்கத் தோன்றும். சண்டையும் சச்சரவும் இருந்தன. ஆனால், அவற்றோடு வேறொன்றும் நிகழ்ந்தது. ஒரு பிள்ளை கணினியை இயக்கும். அருகில் நிற்கும் சிலர், “அதை அழுத்து, இதைத் திற” என்று யோசனை சொல்வர். பின்னால் நிற்கும் கூட்டம் எட்டிப் பார்த்து ஆளுக்கொரு கருத்தை உரக்கக் கூறும். அக்கருத்துகளுள் பல தவறாகவே இருக்கும். ஆயினும், தவறான வழியை ஒருவன் முயன்று பார்க்கும்போது, அது தவறு என்பதை அங்கிருக்கும் அனைவரும் ஒருசேரத் தெரிந்துகொள்கின்றனர்.

ஆளுக்கொரு கணினி இருந்திருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது. ஒரே திரையைப் பலர் பார்த்ததால்தான் கேள்வியும் விடையும் விவாதமும் பிறந்தன. இயக்குபவன் மட்டுமன்றி, பார்த்துக்கொண்டு நின்றவர்களும் கற்றனர். இதுவே கூடிக் கற்றலின் அடிப்படையாகும்.

இடத்தின் அமைப்பு

இத்தகைய கற்றல் தற்செயலாக நிகழ்ந்துவிடுவதில்லை. கணினி எங்கே, எப்படி வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. இதனை உணர்ந்த ஆய்வாளர்கள் கணினி நிலையங்களின் அமைப்பில் கவனம் செலுத்தினர்.

முதலாவது, இடம் திறந்தவெளியாக இருத்தல் வேண்டும். பூட்டிய அறைக்குள் கணினி இருந்தால் சாவி யாரிடம் உள்ளதோ அவரே அதன் உரிமையாளர் ஆகிவிடுவார். பலர் வந்துபோகும் இடத்தில் இருந்தால் பிள்ளைகள் அச்சமின்றி வருவர். திரையில் என்ன ஓடுகிறது என்பது போவோர் வருவோர் கண்ணில் படுவதால், தகாதவற்றைப் பார்க்கும் துணிவும் குறையும். பெற்றோரும் கவலையின்றிப் பிள்ளைகளை அனுப்புவர்.

இரண்டாவது, அளவு பிள்ளைகளுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். திரையின் உயரமும் இருக்கையும் சிறுவர்களின் உடல் அளவுக்குப் பொருந்தினால், பெரியவர்கள் அங்கே நெடுநேரம் இருந்து இடத்தைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். “இது உனக்கான இடம்” என்று எழுதி வைக்க வேண்டியதில்லை; உயரமே அதனைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, ஒருவருக்கு மேற்பட்டோர் நிற்க இடம் வேண்டும். ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் போட்டால் ஒருவரே கற்பார். சுற்றி நின்று பார்க்க இடம் விட்டால் ஒரு குழுவே கற்கும்.

காளிகுப்பத்துப் பிள்ளைகள்

கணினியை இயக்கக் கற்றுக்கொண்டார்கள், சரி. கடினமான பாடம் ஒன்றையும் இவ்வாறு கற்க முடியுமா? இதனைச் சோதிக்க மித்ராவும் அவருடன் பணியாற்றிய ரித்து தங்வாலும் தென்னிந்தியாவின் கிழக்குக் கடற்கரையிலுள்ள காளிகுப்பம் என்னும் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தனர். ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட ஊர் அது. அங்குள்ள பிள்ளைகள் தமிழ் பேசுபவர்கள். அவர்களுக்காகப் பொதுவிடத்தில் வைக்கப்பட்ட கணினியில், மரபணுவைப் பற்றிய உயிரியல் பாடங்கள் ஆங்கிலத்தில் ஏற்றப்பட்டன. தமிழ்ப் பிள்ளைகள், ஆங்கில மொழி, பல்கலைக்கழக அளவிலான பாடம் என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று சற்றும் பொருந்தாதவை. அதனால்தான் அந்தச் சோதனை தேர்ந்தெடுக்கப்பட்டது. பிள்ளைகள் தோற்றுவிடுவார்கள், அதன்வழி ஆசிரியரின் தேவை உறுதிப்படும் என்றே மித்ரா எதிர்பார்த்தார்.

தொடக்கத்தில் நடத்திய தேர்வில் பிள்ளைகள் ஏறக்குறைய ஒன்றுமே அறியாதவர்களாக இருந்தனர். இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் நடந்த தேர்வில் அவர்கள் நூற்றுக்கு 30 அளவில் புள்ளிகள் பெற்றனர். தாங்களே படித்து, தங்களுக்குள்ளே பேசி எட்டிய நிலை அது. வியப்புக்குரிய முன்னேற்றம்தான், ஆனால், பள்ளித் தேர்வில் அது தேர்ச்சிக்குப் போதாது.

அதன் பிறகே சோதனையின் முக்கியமான பகுதி தொடங்கியது. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நன்கு அறிமுகமான இளம்பெண் ஒருவர் துணைக்கு அமர்த்தப்பட்டார். அவர் கணக்கு எழுதும் பணியில் இருந்தவர், உயிரியல் அறியாதவர். பாடம் நடத்துவது அவருடைய வேலையன்று. பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, “அட, இது எப்படி உனக்குத் தெரிந்தது? இன்னொரு முறை சொல், பார்ப்போம்” என்பதுபோல் பாராட்டுவதும் ஆர்வத்தோடு கேட்பதுமே அவர் செய்ய வேண்டியவை. பேரப்பிள்ளை எதைச் செய்தாலும் மகிழ்ந்து போற்றும் பாட்டியின் அணுகுமுறை இது. மேலும் இரண்டு மாதங்கள் கழிந்தபின், பிள்ளைகளின் புள்ளிகள் நூற்றுக்கு 50 அளவுக்கு உயர்ந்தன. டில்லியில் பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் அதே பாடத்தைப் படித்த தனியார் பள்ளி மாணவர்களின் நிலையை அவர்கள் எட்டிவிட்டனர்.

இம்முடிவை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இயந்திரம் மட்டும் இருந்தபோது கற்றல் ஓர் எல்லையில் நின்றது. அக்கறை காட்டும் மனிதர் ஒருவர் வந்து நின்றபோது அந்த எல்லை நகர்ந்தது. அவர் அறிவை ஊட்டவில்லை. ஆர்வம் அணையாமல் பார்த்துக்கொண்டார்.

ஓசையடங்கிய நிலையங்கள்

எல்லா ஊர்களிலும் இதே வெற்றி கிட்டவில்லை. பாயல் அரோரா என்னும் ஆய்வாளர், இமயமலைப் பகுதியான அல்மோராவிலும் அதன் அருகிலுள்ள ஹவல்பாக்கிலும் நிறுவப்பட்ட கணினி நிலையங்களைப் பற்றி ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் எழுதினார். அந்நிலையங்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன. ஊர் மக்களுள் பலருக்கு அவற்றைப் பற்றிய நினைவுகூட மங்கிவிட்டது.

இத்தகைய நிலையங்களைப் பற்றி வேறு குறைகளும் எடுத்துக்காட்டப்பட்டன. உடல்வலிமை மிக்க மூத்த சிறுவர்கள் கணினியைக் கைப்பற்றிக்கொள்ள, சிறுமிகளும் இளையவர்களும் ஒதுங்கி நிற்கும் நிலை ஏற்படலாம். இணைய இணைப்பு அறுந்தால் பிள்ளைகள் விளையாட்டோடு நின்றுவிடுவர். பழுதானால் பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டால், நல்ல கருவியும் சில மாதங்களில் வெறும் பெட்டியாகிவிடும்.

ஆகவே, “பிள்ளைகள் தாமாகவே கற்பார்கள்” என்னும் கூற்று பாதி உண்மையே. அதனை முழு உண்மையாக எடுத்துக்கொண்டால், ஆசிரியரும் பள்ளியும் கிடைக்காத ஊருக்கு ஒரு கணினியை மட்டும் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட நேரும். இழப்பு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே.

தொட்டுப் பார்க்கும் மண்டபம்

பொதுவெளிக் கற்றலிடம் ஒன்று நெடுங்காலம் உயிர்ப்புடன் இருக்க என்ன வேண்டும்? இதற்குச் சான்றாகச் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள ‘எக்ஸ்ப்ளோரட்டோரியம்’ என்னும் அறிவியல் கூடத்தைக் கூறலாம். இதனை 1969ஆம் ஆண்டில் தொடங்கியவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தை வழிநடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பியான இவரும் ஓர் இயற்பியல் அறிஞர். அரசியல் காரணங்களால் பல்கலைக்கழகப் பணியை இழந்த இவர், கொலராடோ மாநிலத்தில் மாட்டுப் பண்ணை நடத்தினார். பின்னர் அங்குள்ள ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தார். பொருளைக் கையிலெடுத்துப் பார்க்காமல் அறிவியல் விளங்காது என்பதை அப்பள்ளி அனுபவம் அவருக்கு உறுதிப்படுத்தியது.

1915ஆம் ஆண்டின் உலகப் பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்ட பழைய மண்டபம் ஒன்றில் அவர் தமது கூடத்தை அமைத்தார். பல அருங்காட்சியகங்களில் ‘தொடாதீர்’ என்ற அறிவிப்பு இருக்கும். இங்கே எல்லாப் பொருளும் தொடுவதற்கும் இயக்குவதற்குமே வைக்கப்பட்டன. எந்த வழியாகவும் போகலாம். எதையும் முதலில் பார்க்கலாம். பிடித்த இடத்தில் விரும்பும்வரை நிற்கலாம். அருங்காட்சியகத்தில் எவரும் தேர்வில் தோற்பதில்லை என்பது ஓப்பன்ஹைமரின் கருத்தாகும்.

அங்குள்ள காட்சிப்பொருள் ஒன்றில், ஒரு கண்ணாடியின் இருபுறமும் இருவர் எதிரெதிரே அமர்வர். இருவரிடமும் தம் முகத்தின்மீது விழும் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். ஒளியின் அளவு மாற மாற, ஒருவர் முகமும் மற்றவர் முகமும் ஒன்றாகக் கலந்து புதிய முகம் ஒன்று தோன்றும். தனியாக அமர்ந்தால் இதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பொருளின் அமைப்பே ஒரு துணையைத் தேட வைக்கிறது. முன்பின் தெரியாதவர்கள்கூட இதனால் பேசத் தொடங்குகின்றனர்.

இக்கூடத்தின் நீண்ட வாழ்வுக்கு இரண்டு ஏற்பாடுகள் உதவின. ஒன்று, காட்சிப்பொருள்களைச் செய்யும் பட்டறையும் கூடத்திற்குள்ளேயே, பார்வையாளர்கள் காணும்படி அமைந்தது. பழுதானவை அங்கேயே சீர்செய்யப்பட்டன. ஒரு பொருளைப் பார்வையாளர்கள் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்று கண்டு, செய்தவர்களே அதனை மாற்றி அமைத்தனர். மற்றொன்று, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஊதியத்துடன் ‘விளக்குநர்களாக’ அமர்த்தப்பட்டனர். அவர்கள் கூடத்தில் நடமாடி, பார்வையாளர்களோடு பேசி, அவர்களின் ஆர்வத்தைத் தூண்டினர். காளிகுப்பத்தில் அந்த இளம்பெண் ஆற்றிய பணிக்கு நிகரானது இது. பிறருக்கு விளக்க முற்பட்ட அம்மாணவர்களே மிகுதியாகக் கற்றனர் என்றும் கூறலாம்.

தமது காட்சிப்பொருள்களைச் செய்யும் முறையை அக்கூடத்தினர் மறைத்து வைக்கவில்லை. சமையற்குறிப்புப் போல் எழுதி நூலாக வெளியிட்டனர். இதனால் உலகின் பல அறிவியல் மையங்கள் பயன்பெற்றன. 2013ஆம் ஆண்டில் அக்கூடம் அந்நகரின் துறைமுகப் பகுதியிலுள்ள புதிய இடத்திற்கு மாறி, இன்றும் இயங்கி வருகிறது. சிங்கப்பூர் அறிவியல் நிலையம், கோலாலம்பூரிலுள்ள தேசிய அறிவியல் மையம், பெட்ரோசைன்ஸ் ஆகிய இடங்களிலும் தொட்டும் இயக்கியும் அறியும் காட்சிப்பொருள்களைக் காணலாம்.

அருகிலேயே ஓர் இடம்

பொதுவெளிக் கற்றலிடம் அமைக்கப் பெரும் பொருட்செலவு தேவை என்று எண்ண வேண்டியதில்லை. பூங்காவில் எதிரெதிரே நிறுத்திய இரண்டு குழித்தட்டுகள் போதும். ஒருவர் மெல்லப் பேசுவதைத் தொலைவில் நிற்கும் மற்றவர் கேட்டு ஒலியின் இயல்பை அறியலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பெரிய சதுரங்கப் பலகை ஒன்றை வரைந்தால், விளையாடும் இருவரைச் சுற்றிப் பத்துப்பேர் கூடி அடுத்த நகர்வை விவாதிப்பர். நூலகத்தில் அமைதிப் பகுதியோடு பேசிப் படிக்கும் பகுதியையும் ஒதுக்கினால், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தர வழி பிறக்கும்.

இவற்றைத் திட்டமிடுவோர் சில கேள்விகளுக்கு விடை கண்டாக வேண்டும். அந்த இடத்திற்கு யார் வேண்டுமானாலும் அச்சமின்றி வர முடியுமா? இளையவர்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் அங்கே இடம் கிடைக்குமா? ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்க முடியுமா? தவறு செய்தால் மீண்டும் முயல முடியுமா? பழுதானால் யார் சரிசெய்வார்? “நன்றாகச் செய்தாய்” என்று சொல்ல அங்கே யார் இருப்பார்?

இக்கேள்விகளுள் கடைசி இரண்டும் எளிதில் மறக்கப்படுபவை. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுவோர் பலர். ஓராண்டு கழித்து வந்து பார்ப்போர் சிலரே. கால்காஜிச் சுவரில் திறப்பு ஏற்படுத்தியது ஒரு நாள் வேலை. அத்தகைய திறப்பு மூடிவிடாமல் காப்பது, அவ்விடத்தைப் பயன்படுத்தும் ஊராரின் அன்றாட வேலையாகும். அப்பணியில் பதின்ம வயதினருக்கும் பங்குண்டு.

கேள்விகள்

1. கால்காஜிப் பிள்ளைகள் மணற்கடிகாரப் படத்தை உடுக்கையாகக் கண்டதற்குக் காரணம் என்ன?
2. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டதால் விளைந்த நன்மைகள் இரண்டினை எழுதுக.
3. காளிகுப்பத்தில் துணைக்கு வந்த இளம்பெண் உயிரியல் கற்பிக்கவில்லை. இருப்பினும், பிள்ளைகளின் புள்ளிகள் உயர்ந்தன. ஏன்?
4. ‘பிள்ளைகள் தாமாகவே கற்பார்கள் என்னும் கூற்று பாதி உண்மையே.’ இக்கருத்தை விளக்குக.
5. நீங்கள் வாழும் வட்டாரத்தில் பயன்படுத்தப்படாமல் இருக்கும் பொதுவிடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திடுக. அதனைக் கூடிக் கற்கும் இடமாக மாற்றுவதற்கான திட்டத்தைக் குழுவில் கலந்துரையாடி, 180 சொற்களில் எழுதுக. பராமரிப்புப் பொறுப்பை யார் ஏற்பார் என்பதையும் குறிப்பிடுக.